எக்ஸ்டென்ஷன் கட்டும்போது கேஸ் பாய்லரின் ஃபுளூவை மாற்றுவது எப்படி: இங்கிலாந்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டத் திட்டம் போடுகிறவர்கள் தரை, ஜன்னல், வொர்க்டாப் என்று எல்லாவற்றையும் யோசிப்பார்கள். பாய்லரின் புகை போகும் வழி மட்டும் கடைசி வரை யார் கண்ணிலும் படாது. லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதிகளில் டெரஸ் வீடுகளும் (வரிசையாக ஒட்டிக் கட்டியவை) செமி வீடுகளும் (இரண்டிரண்டாக ஒட்டியவை)தான் அதிகம். அவற்றில் பாய்லர் பெரும்பாலும் சமையலறையின் பின்சுவரில் மாட்டியிருக்கும். ஃபுளூ, அதாவது புகைக்குழாய், அந்தச் சுவரைத் துளைத்துத் தோட்டத்துப் பக்கம் வெளியே வரும். எக்ஸ்டென்ஷன் எழும்பியதும் அந்தச் சுவர் வீட்டுக்குள் வந்துவிடும். புகை வரும் வாயும் புது அறைக்குள் நிற்கும். அந்த நிலையில் பாய்லரை ஓட்டக் கூடாது. கேஸ் எஞ்சினியர் பார்த்தால் 'உடனடி ஆபத்து' என்று பதிவு செய்து, உங்கள் சம்மதத்துடன் பாய்லரின் இணைப்பைத் துண்டிப்பார்.

சுவர் எழும்பிய பிறகு ஃபுளூவுக்கு இடம் தேடினால் பல வீடுகளில் இடமே இருக்காது. வரைபடம் போடும் நாளிலேயே இதை முடிவு செய்ய வேண்டும். எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

யார் செய்யலாம்

ஃபுளூவைக் கழற்றுவதும் நீட்டுவதும் கேஸ் வேலை. 1998-ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்கிறவர் கேஸ் எஞ்சினியர்களுக்கான அதிகாரபூர்வப் பட்டியலான கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் பழைய கோர்கி பதிவின் இடத்தில் இருப்பது இதுதான். எஞ்சினியரின் அடையாள அட்டையை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கே எழுதியிருக்கும். பாய்லர் அதில் இருக்க வேண்டும். "இரண்டு பைப்தானே, நானே நீட்டித் தருகிறேன்" என்று பில்டர் சொன்னால் விடாதீர்கள். குழாய்கள் இணையும் இடத்தில் உள்ள ஒரு ரப்பர் வளையம் மடங்கி உட்கார்ந்தாலே எரிந்த புகை பாய்லருக்கான காற்றில் கலக்கும், அல்லது சீலிங்குக்குள் கசியும்.

வீட்டுக்காரரின் பங்கு வேறு. இடத்தைத் தேர்ந்தெடுப்பது, அளப்பது, ஆர்க்கிடெக்ட்டிடம் சரியான இடத்தை ஒதுக்கச் சொல்வது, பில்டரும் எஞ்சினியரும் எந்த வரிசையில் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்வது, முடிந்த வேலையைச் சரிபார்ப்பது. இவை உங்கள் கையில் இருக்கின்றன.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

இன்றைய பாய்லர்கள் கண்டென்சிங் வகை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலில் இருந்து புதிதாகப் பொருத்தப்படுபவை ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். ஃபுளூ ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள் கொண்டது. வழக்கமான அளவு 60/100: உள்ளே 60 மி.மீ. குழாயில் புகை போகும், அதைச் சுற்றி 100 மி.மீ. வெளிக்குழாயின் இடைவெளியில் எரிவதற்கான காற்று உள்ளே வரும். அறைக் காற்றுக்கும் எரிதலுக்கும் தொடர்பே கிடையாது. தொலைவு அதிகமானால் 80/125 அளவு. அதற்கும் மேல் என்றால் தனித்தனி 80 மி.மீ. குழாய்கள் இரண்டு.

புகையில் நீராவி நிறைய உண்டு. சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் அது தண்ணீராக மாறும். அந்தத் தண்ணீர் அமிலத்தன்மை கொண்டது. அது பாய்லருக்குத் திரும்பி ஓடி, அங்குள்ள டிராப் (தண்ணீரை விட்டுப் புகையைத் தடுக்கும் வளைவு) வழியாகக் கழிவுக் குழாய்க்குப் போக வேண்டும். எனவே படுக்கைவாட்டில் போகும் ஃபுளூ எப்போதும் பாய்லரை நோக்கிச் சரிய வேண்டும். மீட்டருக்கு 44 மி.மீ. சரிவு கேட்கும் மாடல்கள் உண்டு, 52 மி.மீ. கேட்பவையும் உண்டு. இந்தச் சரிவுதான் எக்ஸ்டென்ஷன் கணக்கை மாற்றிப் போடுகிறது.

முதல் வேலை: கையேட்டைத் தேடி எடுப்பது

பாய்லரின் கீழ்மூடிக்கு உள்ளேயோ பக்கவாட்டிலோ தகவல் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதில் மாடல் பெயரும், மாடலை அடையாளம் காட்டும் ஜி.சி. எண்ணும் இருக்கும்; ஹீட்டிங்கும் வெந்நீரும் ஒன்றாகத் தரும் காம்பி பாய்லர் என்றால் எண் 47-இல் தொடங்கும். அந்த எண்ணைக் கொண்டு பொருத்துதல் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். அதில் ஃபுளூவின் அதிகபட்ச நீளம், ஒவ்வொரு வளைவுக்கும் கழிக்க வேண்டிய நீளம், சரிவு, வாய்க்கான இடைவெளிகள் எல்லாம் இருக்கும். பொது விதி ஒன்று சொல்லிக் கையேடு வேறு சொன்னால் அந்த மாடலுக்குக் கையேடுதான் செல்லும்.

பாய்லரும் ஃபுளூவும் சேர்த்தே சோதிக்கப்பட்டுச் சான்று பெறுகின்றன. ஒரு கம்பெனியின் பாய்லரில் இன்னொரு கம்பெனியின் குழாயைச் செருகுவது, விட்டம் பொருந்தினாலும் தவறு. பாய்லருக்குப் பன்னிரண்டு, பதினைந்து வயதாகிவிட்டால் அதற்கான நீட்டிப்புக் குழாய்கள் கடையில் கிடைக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். கிடைத்தாலும், அந்த வயதுப் பாய்லருக்குப் புது ஃபுளூவில் பணம் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எக்ஸ்டென்ஷனோடு சேர்த்துப் பாய்லரையே வெளிச்சுவருக்கு மாற்றிப் புதிதாகப் போடுவதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

வாயை எங்கே வைப்பது

ஃபேன் வைத்த, அறைக்காற்றைத் தொடாத பாய்லர்களுக்குக் கட்டிட விதிமுறைகளின் ஜே ஆவணம் சொல்லும் முக்கிய இடைவெளிகள் இவை. வாயின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும்.

- திறக்கும் ஜன்னல், கதவு, காற்றுச் செங்கல் (காற்று வரத் துளையிட்ட செங்கல்): மேலே, கீழே, பக்கவாட்டில் 300 மி.மீ.
- கூரையின் மழைநீர்ப் பீலிக்குக் கீழே 75 மி.மீ.; கூரை விளிம்புக்குக் கீழே 200 மி.மீ.
- செங்குத்தான மழைநீர், கழிவுக் குழாய்களிலிருந்து 150 மி.மீ.
- சுவர் மூலையிலிருந்தும், பக்கவாட்டில் ஓடும் எல்லையிலிருந்தும் 300 மி.மீ.
- நேர் எதிரே உள்ள சுவர் அல்லது எல்லையிலிருந்து 600 மி.மீ.
- தரைக்கு மேலே 300 மி.மீ.
- எதிரெதிரே இரண்டு வாய்கள் இருந்தால் இடையே 1,200 மி.மீ.
- சாய்கூரை ஜன்னலுக்குப் பக்கத்திலும் மேலேயும் 600 மி.மீ., கீழே என்றால் 2,000 மி.மீ.

இவை குறைந்தபட்ச அளவுகள். கண்டென்சிங் பாய்லர் குளிர்காலத்தில் வெள்ளைப் புகைமூட்டம் விடும். அது பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கிப் போனால், விதி மீறல் இல்லாவிட்டாலும் சண்டைதான். எதிரே ஜன்னல் இருந்தால் 2 மீட்டர் கேட்கும் கையேடுகள் நிறைய உண்டு.

இனி நடைமுறைக்கு வருவோம். டெரஸ் வீட்டில் முழு அகலத்துக்கும் எக்ஸ்டென்ஷன் கட்டினால் இரண்டு பக்கச் சுவர்களும் எல்லையை ஒட்டி நிற்கும். அந்தச் சுவர்கள் வழியாக அடுத்த வீட்டு மண்ணுக்கு மேல் புகை விட முடியாது. மிஞ்சுவது பின்சுவரும் கூரையும்தான். பின்சுவரிலோ இந்தக் காலத்தில் எல்லோரும் அகலமான பைஃபோல்டு கதவு (மடித்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு) கேட்கிறார்கள். கதவுக்கு மேலே வாயை வைக்கலாம் என்று பார்த்தால், கதவின் மேல்விளிம்பு 2,100 மி.மீ. உயரத்தில் இருக்கும், அதற்கு மேல் 300 இடைவெளி, 100 குழாய், கூரை விளிம்புக்குக் கீழே 200. கூட்டினால் 2,700. தட்டைக் கூரையின் விளிம்புப் பலகை அதற்கு முன்பே குறுக்கே வந்துவிடும். சில மாடல்கள் கூரை விளிம்பு இடைவெளியைக் குறைக்க அனுமதிக்கின்றன. உங்கள் மாடல் அனுமதிக்கிறதா என்று கையேட்டில் பார்க்காமல் நம்பக் கூடாது.

ஆகவே கதவுக்குப் பக்கத்தில் திடமான சுவர்த் துண்டு ஒன்றை ஒதுக்குங்கள். கதவிலிருந்து 300, குழாய்க்கு 100, எல்லையிலிருந்து 300: மொத்தம் 700 மி.மீ. பாய்லர் இருக்கும் பக்கமாக இந்த 700 மி.மீ. சுவரை விடும்படி ஆர்க்கிடெக்ட்டிடம் சொல்லி, வாயின் இடத்தை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மழைநீர்க் குழாயை அந்தத் துண்டில் இறக்கிவிட்டால் 150 மி.மீ. கணக்கு இடிக்கும், அதையும் மறுபக்கம் மாற்றச் சொல்லுங்கள். கதவைக் கொஞ்சம் குறைத்தால் என்ன குறைந்துவிடும் என்பதைக் கண்ணாடி விற்பவரிடம் கேட்காதீர்கள்.

மூன்று வழிகள்

நேராக நீட்டுவது: பழைய துளை வழியாகவே குழாயை எக்ஸ்டென்ஷனின் சீலிங்குக்குக் கீழே கொண்டுபோய்ப் புதுப் பின்சுவரில் வெளியே எடுப்பது. பாய்லர் அசையாது. செலவு குறைவு.

கூரை வழியாக: வளைத்து மேலே திருப்பித் தட்டைக் கூரைக்கு வெளியே எடுப்பது. கூரைப் பரப்புக்கு மேல் குறைந்தது 300 மி.மீ. நிற்க வேண்டும். குழாயைச் சுற்றி மழைநீர் இறங்காமல் தடுக்க, கூரை உறைக்குப் பொருத்தமான காலர் தேவை; ஃபெல்ட் கூரைக்கு அலுமினியக் காலர், ரப்பர் கூரைக்கு ரப்பர் காலர். மாடியின் படுக்கையறை ஜன்னல்கள் இந்தக் கூரைக்கு நேர் மேலே இருப்பதுதான் சிக்கல். கையேடு கேட்கும் தூரம் கிடைத்தாலும் ஜன்னலுக்கு நேர்கீழே வைக்காதீர்கள். கூரைக் கண்ணாடி எங்கே வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பாய்லரையே நகர்த்துவது: கேஸ், தண்ணீர், ஹீட்டிங் பைப்புகள் எல்லாம் கூடவே நகரும். செலவு அதிகம், ஆனால் தரையைத் தோண்டும் நேரத்தில் பைப்புகளைப் புதைத்துவிடலாம். முன்பு சொன்ன மாதிரி பாய்லர் பழையது என்றால் இதுவே வழி.

புகைமூட்டம் மட்டும் பிரச்சினை என்றால் ப்ளூம் கிட் (புகையின் வாயை மட்டும் தள்ளி வைக்கும் குழாய்த் தொகுப்பு) போதும். காற்று எடுக்கும் வாய் அதே இடத்தில் இருக்கும். புகைக் குழாயை மட்டும் 60 மி.மீ. பைப்பால் வெளிச்சுவரில் நகர்த்தலாம். எக்ஸ்டென்ஷனுக்கு இது மாற்றாகாது, ஏனென்றால் காற்று வாயும் வெளியில் இருந்தாக வேண்டும்.

அளந்து பார்ப்பது: ஒரு உதாரணம்

டெரஸ் வீட்டில் முன் அனுமதி கேட்காமல் கட்டக்கூடிய ஒற்றை மாடி ஆழம் 3 மீட்டர். பழைய சுவரின் தடிமனும் பாய்லரின் நடுவிலிருந்து சுவர் வரையுள்ள தூரமும் சேர்ந்து 0.4 மீட்டர் என்று கொள்ளுங்கள். மொத்தம் 3.4 மீட்டர்.

சரிவு மீட்டருக்கு 44 என்றால் இந்தத் தூரத்துக்குச் சுமார் 150 மி.மீ.; 52 என்றால் சுமார் 177. குழாயின் 100 மி.மீ. தடிமனைச் சேர்த்தால் 250 முதல் 277 மி.மீ. உயரம் தேவை. 200 மி.மீ. கட்டைகள் போட்ட கூரைக்குள் இது நுழையாது. கட்டைகள் குழாயின் திசைக்குக் குறுக்கே ஓடினால் கேட்கவே வேண்டாம். புகைக்குழாய்க்காகக் கட்டையை வெட்டினால் கூரை பலவீனமாகும். அதனால் குழாயைச் சீலிங்குக்குக் கீழே ஓட்டி, அதை மறைக்கப் பலகையால் பெட்டி அடிப்பதுதான் சரி. பாய்லரின் மேலுள்ள எல்போவின் (வளைவுத் துண்டின்) நடு 2.10 மீட்டர் உயரத்தில் இருந்தால், வெளிச்சுவரில் குழாயின் மேல்விளிம்பு 2.30 அல்லது 2.33 மீட்டருக்கு வரும். 2.40 மீட்டர் சீலிங்குக்குக் கீழே நெருக்கமாக அடங்கிவிடும். சீலிங்கில் இன்னொரு பலகை அடித்து 50 மி.மீ. இறக்கினால் இடம் போய்விடும் என்பதைப் பில்டரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

அடுத்தது நீளக் கணக்கு. கையேடு 60/100 குழாய்க்கு அதிகபட்சம் 6 மீட்டர் என்று சொல்வதாக வையுங்கள். நேராகப் போனால் 3.4, தாராளம். வழியில் பக்கவாட்டில் நகர இரண்டு 45 டிகிரி வளைவுகள் தேவைப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 மீட்டர் கழிக்கச் சொன்னால் 5.4, இன்னும் உள்ளே. அதையே இரண்டு 90 டிகிரி வளைவுகளாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் 2 மீட்டர் போனால் 7.4, 80/125-க்கு மாற வேண்டும். பாய்லர் தலையில் உள்ள முதல் எல்போ கணக்கில் சேருமா என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

தேவையான பொருட்கள்

மேலே சொன்ன நேர் ஓட்டத்துக்கு: எல்போ, வாய்த் துண்டு, சுவர் வளையங்கள் அடங்கிய படுக்கைவாட்டு கிட் 1, 1 மீட்டர் நீட்டிப்புகள் 3, பிராக்கெட்டுகள் 4 அல்லது 5, சோதனை மூடிகள் (பெட்டியைத் திறந்து குழாயைப் பார்க்க) 2, கார்பன் மோனாக்சைடு அலாரம் 1, சிலிக்கோன் கிரீஸ், வாய் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் கம்பிக் கூண்டு 1. எல்லாக் குழாயும் பாய்லர் தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ளவையாக இருக்க வேண்டும். பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும், வாங்கும்போது பாருங்கள்.

வேலையின் வரிசை

1. புதுப் பின்சுவர் எழும்பி, கூரைக் கட்டைகள் ஏறும் வரை பழைய வாய் திறந்த வெளியில்தான் இருக்கும், பாய்லர் ஓடலாம். ஆனால் சாரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் விரிப்பு கட்டிய அன்றே பாய்லரை நிறுத்துங்கள். விரிப்புக்குள் அடைபட்ட புகை காற்று வாய் வழியாகத் திரும்ப உறிஞ்சப்படும், வீட்டுக்குள்ளும் வரும். கூரை மூடி ஜன்னல் கதவு மாட்டுவதற்கு முன்பே ஃபுளூ வேலைக்கு நாள் குறித்துவிடுங்கள். குளிர்காலம் என்றால் ஒரு நாள் ஹீட்டிங் இருக்காது.

2. வீடு 2000-க்கு முன் கட்டப்பட்டு, சுவரிலோ பழைய புகைபோக்கியிலோ சாம்பல் நிறச் சிமெண்டுக் குழாய் தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். வெட்டாமல், துளைக்காமல் முதலில் சோதனைக்கு அனுப்புங்கள்.

3. புதுச்சுவரில் மையத்தைக் குறிப்பது. லேசர் லெவல் வைத்துப் பழைய துளையின் மையத்திலிருந்து சமமட்டம் எடுத்து, அதற்கு மேல் சரிவு அளவைக் கூட்டிக் குறிக்க வேண்டும். இங்கே தவறினால் பிறகு சரிசெய்ய இன்னொரு துளைதான். செங்கல் அடுக்கும்போதே இடம் விடுவதைவிட, சுவர் காய்ந்தபின் 117 அல்லது 127 மி.மீ. வைரக் கோர் பிட்டால் துளைப்பது சுத்தமாக வரும். 80/125 என்றால் 152 மி.மீ.

4. பழைய வாய்த்துண்டைக் கழற்றி எடுப்பது. அதை நடுவில் இணைப்பாகப் பயன்படுத்த முடியாது. அது எப்போதும் ஓட்டத்தின் கடைசித் துண்டு.

5. குழாயை வெட்டுவது. உட்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடையே எவ்வளவு நீள வித்தியாசம் என்று கையேடு சொல்லும். வெட்டு சதுரமாக இருக்க வேண்டும், பிசிறை அரம் போட்டு எடுக்க வேண்டும். பிசிறு ரப்பர் வளையத்தைக் கீறுவதுதான் கசிவுக்கு முதல் காரணம்.

6. ஒவ்வொரு வளையமும் அதன் பள்ளத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, சிலிக்கோன் கிரீஸ் பூசி, லேசாகத் திருகியபடி முழு ஆழத்துக்கும் செருகுவது. பல மாடல்களில் இணைப்பின் வெளிக்குழாயில் ஸ்க்ரூ போடச் சொல்வார்கள். கையேடு சொல்லும் இடத்துக்கு வெளியே போட்டால் உட்குழாயில் ஓட்டை விழும்.

7. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் ஒரு பிராக்கெட், வளைவு இருந்தால் அதன் அருகில் ஒன்று. பிராக்கெட் இல்லாத குழாய் நடுவில் தொய்யும். தொய்வில் தண்ணீர் தேங்கும். அப்போது பாய்லர் 'களக் களக்' என்று சத்தம் போட்டு அணைந்து அணைந்து எரியும்.

8. சுவர்த் துளையைச் சிமெண்டுக் கலவையால் அடைத்து உள்ளும் புறமும் வளையம் போடுவது. ஃபோம் மட்டும் அடித்து விட்டுப் போகிறவர்கள் உண்டு. மழைநீர் புகைக்குழாயின் ஓரமாகப் பெட்டிக்குள் வருவது அதனால்தான்.

9. கண்டென்சேட் பைப்பை, அதாவது பாய்லரின் அமிலத் தண்ணீர் வடியும் பைப்பைச் சரிபார்ப்பது. பழைய பைப் வெளிச்சுவர் வழியாகப் போயிருந்தால் அதுவும் இப்போது வீட்டுக்குள் வரும். இது நல்லது, உறையாது. இனியும் வெளியில் போகும் பகுதி இருந்தால் 32 மி.மீ. பைப், 3 மீட்டருக்குள், இன்சுலேஷனுடன், மீட்டருக்கு 44 மி.மீ. சரிவில். செம்புக் குழாய் கூடாது, அமிலம் அரித்துவிடும்.

10. பெட்டி அடிப்பது. மறைந்திருக்கும் ஃபுளூவுக்கு 2013 ஜனவரி முதல் சோதனை மூடிகள் இல்லாமல் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றும் குறைந்தது 300 × 300 மி.மீ.; எந்த இணைப்பும் ஒரு மூடியிலிருந்து 1.5 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது. 3.4 மீட்டர் ஓட்டத்துக்குப் பெரும்பாலும் இரண்டு தேவைப்படும். பெட்டியை எஞ்சினியர் சோதித்து முடித்த பிறகே மூட வேண்டும்.

சோதனை

புகைப் பகுப்பாய்வுக் கருவி இல்லாமல் இந்த வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. எஞ்சினியர் முதலில் பாய்லரை முழு வேகத்தில் ஓட்டி, காற்று வரும் பாதையில் உள்ள துளையில் குழலை விட வேண்டும். ஆக்சிஜன் 20.6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கார்பன் டை ஆக்சைடு 0.2-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் எங்கோ ஒரு இணைப்பில் புகை காற்றில் கலக்கிறது என்று பொருள். இணைப்புகளைப் பிரித்து வளையங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பிறகு புகைத் துளையில். கார்பன் மோனாக்சைடு 350 பி.பி.எம்-க்குக் (பத்து லட்சத்தில் 350 பங்குக்குக்) கீழே, அதற்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம் 0.0040-க்குக் கீழே. குறைந்த வேகத்திலும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஃபுளூ நீளம் கூடியதால் ஃபேன் வேகத்தையோ, நீளத்துக்கான செட்டிங்கையோ மாற்றச் சொல்லும் மாடல்கள் உண்டு. இதை விட்டுவிட்டால் பாய்லர் ஓடும், ஆனால் காற்றடிக்கும் இரவுகளில் அணையும். இந்த எண்களைக் கையேட்டின் பின்பக்கப் பதிவுத் தாளில் எழுதி வாங்குங்கள். பாய்லர் புதிதாகப் போட்டிருந்தால் எஞ்சினியர் 30 நாளுக்குள் கேஸ் சேஃப் வழியாகப் பதிவு செய்வார், இணக்கச் சான்றிதழ் வீட்டுக்கு வரும். வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்பது அந்தத் தாளைத்தான். லீஸ்ஹோல்டு (குத்தகை உரிமை) வீடு என்றால் சுவரைத் துளைக்கும் முன் ஃப்ரீஹோல்டரின் (நிலத்தின் உரிமையாளரின்) எழுத்து அனுமதியும் வேண்டும்.

அலாரம்

பி.எஸ். இ.என். 50291 என்று அச்சிட்ட அலாரத்தை வாங்குங்கள். பாய்லரிலிருந்து படுக்கைவாட்டில் 1 முதல் 3 மீட்டருக்குள், சீலிங்கில் என்றால் சுவரிலிருந்து 300 மி.மீ. தள்ளி, சுவரில் என்றால் கதவு ஜன்னல்களுக்கு மேலே, சீலிங்குக்கு 150 மி.மீ. கீழே. வாடகைக்கு விட்ட வீடுகளில் 2022 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் இது கட்டாயம். அலாரம் அடித்தாலோ, வீட்டில் இருக்கும்போது தலைவலியும் குமட்டலும் வந்து வெளியே போனால் சரியானாலோ, பாய்லரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, 0800 111 999-ஐ அழையுங்கள்.

ஒப்படைக்கும் முன் நீங்கள் பார்க்க வேண்டியவை

சோதனை மூடி ஒவ்வொன்றையும் திறந்து டார்ச் அடித்துக் குழாயைப் பாருங்கள். இணைப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா, பிராக்கெட்டுகள் இருக்கின்றனவா, லெவலை வைத்தால் பாய்லர் பக்கம் சரிகிறதா. வெளியே போய் வாயிலிருந்து கதவுக்கும் எல்லைக்கும் டேப் பிடியுங்கள். பெயிண்டரும் பிளாஸ்டரரும் கிளம்பிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்: சோதனை மூடி அசிங்கமாக இருக்கிறது என்று அதன் மேல் பூசிவிடுவதும், வாய்க்குள் சாந்து விழுந்து அடைபடுவதும் அந்தக் கடைசி வாரத்தில்தான் நடக்கும். பூசியிருந்தால் அன்றே வெட்டித் திறக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடச் சர்வீஸுக்கு வரும் எஞ்சினியர் குழாயைப் பார்க்க முடியாவிட்டால் பாய்லரை 'அபாயத்தில்' என்று எழுதி நிறுத்திவிட்டுப் போவார்.